கூட யார் இருக்கா?

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று சேதி வந்தால், என்ன நோய் என்று கேட்டபிறகு எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி, “கூட யாரு இருக்கா?” என்பதுதான். “அம்மாக்காரிதான் இருக்கா” என்று பதில் வரும். கேட்டவருக்கு அதோடு நிம்மதி வந்துவிடும். அந்த அம்மாக்காரி எங்கே படுக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், எத்தனை நாளாக ஒரே சேலையில் இருக்கிறாள், வீட்டில் விட்டுவந்த இன்னொரு பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், போய்க்கொண்டிருந்த வேலை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 2018-ஆம் ஆண்டு கார்த்திகையில் என் மகளோடு பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அந்த நாட்களில் தொடங்கி இன்றுவரை, கேட்கப்படாத இந்தக் கேள்விகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் குன்னம் வட்டத்தில், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிறது. மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற ஊர். 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, அடுத்த ஆண்டே திரும்பச் சேர்ந்து, 2007-இல் மறுபடியும் தனி மாவட்டம் ஆனது. இத்தனை முறை எல்லை மாறியும் எங்களுக்கு ஒன்று மாறவில்லை. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ ஓட வேண்டும். அங்கேயும் முடியாவிட்டால் புதுச்சேரி ஜிப்மர், சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. 2018-இல் எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஐந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை. உள்ளூர் டாக்டரிடம் இரண்டு முறை காட்டினோம். ஆறாம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்தது. பெரம்பலூரில் முதலுதவி கொடுத்து 108 வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். போன இடத்தில் ஒரு பெண் டாக்டர் அவளுடைய உடுப்பைக் கழற்றச் சொல்லி, காதுமடலின் பின்புறம் தொடங்கி உடம்பு முழுக்கத் தேடினார். இடது அக்குளில், சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. “உண்ணிக்காய்ச்சல்” என்றார். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு பூச்சியின் இளம்புழு கடித்து வருவது. மழை நின்று பனி இறங்கும் மாதங்களில் அதிகமாகத் தெரியும். நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற சாதாரண மருந்துகளிலேயே அடங்கிவிடும். என் மகளுக்கு அது மூளையைத் தொட்டுவிட்டிருந்தது.

ஆறு நாள் ஐசியூ, பதின்மூன்று நாள் வார்டு. அவள் பிழைத்தாள். இன்று சைக்கிள் மிதித்துக்கொண்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். அவளைக் காப்பாற்றிய ஆஸ்பத்திரியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மற்ற ஆஸ்பத்திரிகளில் இருந்து வந்த பெண்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். கட்டடம் வேறு, பெயர்ப்பலகை வேறு, அவ்வளவுதான்.

ஐசியூவுக்குள் தாயை விடுவதில்லை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, கை கழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் கதவுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இடத்தைவிட்டு நகரவும் முடியாது. எந்த நிமிடமும் கதவு திறந்து, “ஏழாம் பெட் அட்டெண்டர்!” என்று குரல் வரும். கையெழுத்துப் போட, ரத்தம் எடுத்த குழாயை லேபுக்குக் கொண்டுபோக, டயப்பர் வாங்கிவர, ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று பார்த்துவர. கூப்பிட்டபோது அங்கே இல்லையென்றால் திட்டு விழும். அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டோம். கழிப்பறைக்கு ஓடிப்போய் ஓடிவந்தோம். அந்த ஆறு நாளில் நடைபாதையில் இருந்த பெண்களில் இரண்டு பேருக்கு நீர்க்கடுப்பு வந்தது. அவர்கள் நோயாளிகள் இல்லை என்பதால் அதே கட்டடத்தில் அவர்களுக்கு வைத்தியம் இல்லை. வெளிநோயாளிப் பிரிவில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நின்றால் ஐசியூ கதவை யார் பார்ப்பது? சோம்புத் தண்ணீர் குடித்துச் சமாளித்தார்கள்.

அங்கே எங்களுக்குப் பெயர் கிடையாது. நான் ஏழாம் பெட் அம்மா. வார்டுக்கு மாற்றியபிறகு பதினொன்றாம் பெட் அம்மா. நாங்களும் எங்களுக்குள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். ஒன்பதாம் பெட் அம்மா செந்துறைப் பக்கம். பையனுக்கு உடம்பு வீங்கிக்கொண்டே போகும் சிறுநீரக நோய், நான்காவது முறையாக வந்திருந்தார். பன்னிரண்டாம் பெட் அக்கா ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரர், முந்திரி உடைக்கப் போகிறவர். அவருடைய மகனுக்கு ரத்தப் புற்றுநோயா என்று சோதனைகள் போய்க்கொண்டிருந்தன. நான்காம் பெட்டில் ஆலத்தூர்ப் பக்கத்துப் பெண், சின்ன வெங்காயம் அறுக்கப் போன காட்டில் பாம்பு தீண்டிய பிள்ளையோடு வந்தவர், இருபத்திரண்டு வயது. அவருடைய ஐந்து மாதக் கைக்குழந்தை ஊரில் மாமியாரிடம் இருந்தது. பால் கட்டி, ஜாக்கெட் நனைந்து, காய்ச்சல் வந்து, கழிப்பறையில் நின்று பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டு வருவார்.

வார்டில் ஒரு தாய் செய்யும் வேலைகளை நான் ஒரு நாள் மகளுடைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். காலையில் துடைத்துவிடுதல், உடுப்பு மாற்றுதல், படுக்கை விரிப்பு மாற்றுதல். மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீரை அளந்து ஊற்றுதல். மூத்திரத்தை அளவுக் குவளையில் பிடித்துத் தாளில் எழுதுதல். காய்ச்சல் ஏறினால் ஈரத்துணி போடுதல். ட்ரிப்ஸ் முடியப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்து, முடிவதற்கு முன் சிஸ்டரைக் கூப்பிடுதல். ஸ்ட்ரெச்சர் தள்ளுதல். ஒரே பக்கமாகப் படுத்துப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்தல். வலிப்பு வருகிறதா என்று இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தல். இருபத்து மூன்று வேலைகள் வந்தன. இதில் பாதிக்கும் மேல், படித்துப் பட்டயம் வாங்கி, சம்பளத்துக்குச் செய்யவேண்டிய செவிலியர் வேலை.

அதற்காகச் சிஸ்டர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இரவில் அந்த நீண்ட வார்டு முழுவதற்கும் இரண்டு பேர் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2017 நவம்பரில், ஒப்பந்தச் செவிலியர்கள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் திரண்டு போராடியது நினைவிருக்கலாம். அப்போது அவர்களுக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். நான் வேலைபார்த்த தனியார் பள்ளியில் எனக்கு 7,500 ரூபாய். எங்களைத் திட்டிய சிஸ்டரும் திட்டு வாங்கிய நானும் கிட்டத்தட்ட ஒரே விலைக்குப் போன பெண்கள். ஆள் போதாத இடத்தில் அவர் இரண்டு மடங்கு உழைத்தார். அப்படியும் நிரம்பாத இடத்தைத் தாய்மார்களைக் கொண்டு நிரப்பினார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் வார்டில் ஆண்கள் இருக்கக் கூடாது. அட்டெண்டர் பாஸ் ஒன்றுதான், அதுவும் பெண்ணுக்குத்தான். இந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. பால் கொடுக்கும் பெண்களும் தரையில் அசந்து தூங்கும் பெண்களும் இருக்கும் இடம் அது. ஆனால் ஒரு விதியின் காரணம் நியாயமாக இருப்பதாலேயே அதன் விளைவும் நியாயமாகிவிடாது. என் கணவர் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறவர். அரியலூர்ச் சுரங்கங்களிலிருந்து சிமெண்ட் ஆலைக்கு நடைக்கணக்கில் சம்பளம். முதல் நான்கு இரவு ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். ஐந்தாம் நாள் இரவு மழை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். விடியற்காலையில் போன் பண்ணி, “நான் இங்கன இருந்து என்ன பண்றது, வண்டிக்காச்சும் போறேன், காசு வேணும்ல” என்றார். குரல் கம்மியிருந்தது. அவர் ஓடிப்போகவில்லை. அவர் இருப்பதற்கு அங்கே இடம் வைக்கப்படவில்லை.

மூன்றாம் பெட்டில் ஒரு தகப்பன் இருந்தார். மனைவிக்கு ஊரில் பிரசவமாகிப் பத்து நாள். நான்கு வயது மகளுக்கு நிமோனியா. கெஞ்சிக் கேட்டுப் பகலில் மட்டும் இருக்க அனுமதி வாங்கியிருந்தார். முதல் நாள் எங்களில் பலருக்கு அது சங்கடமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் நெபுலைசர் மூடியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒன்பதாம் பெட் அம்மா சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் நாள் அவர் மகளுக்குத் தலைவாரி ரெட்டைச் சடை போட்டுக்கொண்டிருந்தார். கோணல் வகிடு, ஆனாலும் சடை. இரவு ஒன்பது மணிக்குச் செக்யூரிட்டி வந்ததும் பிள்ளையை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். பிள்ளை கதவைப் பார்த்துக்கொண்டே அழும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் திறமை பெண்ணின் ரத்தத்தில் ஊறியது என்று சொல்கிறவர்களுக்கு நான் அந்தச் சடையைத்தான் உதாரணமாகச் சொல்வேன். அது கற்றுக்கொண்டால் வருகிற வேலை.

இன்னொன்றும் கவனித்தேன். இரவும் பகலும் பக்கத்தில் இருப்பவள் தாய். எத்தனை மணிக்குக் காய்ச்சல் ஏறியது, எத்தனை முறை வாந்தி, கண் எந்தப் பக்கம் செருகியது என்று சொல்லத் தெரிந்தவளும் அவள்தான். ஆனால் முக்கியமான முடிவு என்று வந்தால், “அவங்கப்பா எங்க? ஆம்பளைங்க யாரும் வரலையா?” என்று கேட்பார்கள். என் மகளுக்கு முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அப்பா வரட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். தாயின் கையெழுத்து செல்லாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர் வந்து, “எதுக்கு எடுக்குறாங்க?” என்று என்னிடம்தான் கேட்டார். நான் விளக்கினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

பார்க்கவந்த உறவினர்கள் கொண்டுவந்தது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குற்றச்சாட்டும். “புதருக்குள்ள ஏன் வெளயாட விட்ட?” “வேலைக்குப் போறேன் வேலைக்குப் போறேன்னு பிள்ளைய யாரு பாத்தா?” சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு வேண்டிய ஏதோ ஒரு நேர்த்திக்கடனை நான் மறந்துவிட்டதாக ஒரு பெரியம்மா கண்டுபிடித்தார். என் கணவரிடம் இப்படி ஒரு கேள்வியையும் யாரும் கேட்கவில்லை. அவருக்குக் கிடைத்தது, “பாவம், அலையுறான்” என்ற பரிதாபம். நோய் ஒரு பூச்சியால் வந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த பிறகும், ஊர் கண்டுபிடித்த காரணம் நான்தான். வார்டில் இருந்த ஒவ்வொரு பெண்ணிடமும் இப்படி ஒரு காரணக் கதை இருந்தது.

வார்டுக்கு வந்த நான்காம் நாள் எனக்கு மாதவிடாய் வந்தது. கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். கழிப்பறை நடைபாதையின் கடைசியில். தாழ்ப்பாள் இல்லை, உள்ளே தண்ணீர் வந்த வாளி ஒன்றே ஒன்று. பன்னிரண்டாம் பெட் அக்கா தன் பையிலிருந்து துணியை எடுத்துக் கொடுத்து, “நீ போய்ட்டு வா புள்ள, நான் ரெண்டு பிள்ளையவும் பாத்துக்குறேன்” என்று சொல்லிவிட்டு, என் மகளின் காலடியில் உட்கார்ந்துகொண்டார். அந்த வார்டு இயங்கியதே, “செத்த பாத்துக்கக்கா” என்ற அந்த ஒற்றை வாக்கியத்தில்தான். குளிக்கப் போகிறவள் பக்கத்து பெட்டிடம் சொல்லிவிட்டுப் போவாள். ஒருத்தி வாங்கிவந்த சாம்பார் சாதம் மூன்று பேருக்குப் பிரிந்தது. சாதி கேட்டுச் சோறு வாங்கும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அங்கே யாரும் கேட்கவில்லை. இதை நான் தியாகம் என்றோ தாய்மையின் மகிமை என்றோ எழுத மாட்டேன். யாரும் ஏற்பாடு செய்து கொடுக்காததால் பெண்கள் தாங்களாகவே கட்டிக்கொண்ட ஏற்பாடு அது.

மருத்துவம் இலவசம். மருந்துக்கோ ஐசியூவுக்கோ நாங்கள் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. அதற்காக இந்த மாநிலத்தின்மேல் எனக்கு நன்றி உண்டு. இருந்தும் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது இருபத்தெட்டாயிரம் ரூபாய் போயிருந்தது. சாப்பாடு, டீ, கட்டணக் கழிப்பறை, குளியல், பஸ், போன். என் சம்பளத்தில் பத்தொன்பது நாள் பிடித்தம். கணவர் ஓட்டாத நடைகள். ஒரு சங்கிலி அடகுக்குப் போனது. குழுக் கடன் வாரத் தவணைக்காக வார்டுக்கே போன் வந்தது. “பிள்ளை ஐசியூவுல இருக்கு” என்றேன். “எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும்மா” என்றார் அந்தத் தம்பி. நோயின் செலவை அரசு ஏற்றுக்கொண்டது. கூட இருந்ததன் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

பின்னாட்களில் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு செய்தி என்னை ஆச்சரியப்படுத்தியது. இங்கிலாந்தில் 1950-களில் ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தையோடு தாய் தங்குவதைப் பெரும்பாலான இடங்களில் அனுமதிக்கவில்லை. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். தாய் வந்தால் பிள்ளை அழும், கிருமி வரும், வேலை கெடும் என்றார்கள். நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் போன்ற சிலர்தான் அதற்கு முன்பே தாயையும் சேர்த்து அனுமதித்தார்கள். 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் தனியாக ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்துக் காட்டினார். அழாமல் அடங்கியிருந்த அந்தப் பிள்ளை எப்படி உள்ளுக்குள் ஒடுங்கிப்போனாள் என்பதைப் படம் காட்டியது. 1959-இல் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் எந்த நேரமும் வரலாம், தாய் தங்க இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்படியும் ஆஸ்பத்திரிகள் மாறவில்லை. 1961-இல் லண்டனின் பேட்டர்சீ பகுதித் தாய்மார்கள் சங்கம் அமைத்து, கதவு கதவாகத் தட்டி அந்தப் பரிந்துரையை நடைமுறைக்குக் கொண்டுவரப் போராடினார்கள்.

அவர்கள் உள்ளே நுழையப் போராடினார்கள். இங்கே வார்டுக்குள் இருப்பதற்கு எந்தத் தாயும் போராடவில்லை. ஏன் என்று யோசித்தேன். நம் ஆஸ்பத்திரிகள் குழந்தையின் மனதை அவர்களுக்கு முன்பே புரிந்துகொண்டதாலா? அப்படியிருந்தால் ஐசியூ கதவு நமக்கும் திறந்திருக்கும். பிள்ளைக்குத் தாய் மிக அதிகமாகத் தேவைப்படும் அந்த ஆறு நாள் என்னை வெளியே உட்காரவைத்தார்கள். வேலைக்கு ஆள் தேவைப்பட்ட பதின்மூன்று நாள் உள்ளே வைத்தார்கள். பிள்ளையின் தேவையைக் கணக்கிட்டு அல்ல, வார்டின் தேவையைக் கணக்கிட்டுத்தான் என் இடம் தீர்மானிக்கப்பட்டது. அவர்கள் உரிமையாகக் கேட்டு வாங்கியது, நமக்குக் கடமையாகத் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. உரிமை என்றால் அதோடு ஒரு கட்டிலும் ஒரு வேளைச் சோறும் வந்திருக்கும். கடமை என்பதால் பாய்கூட நாம்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

தாய் பக்கத்தில் இருப்பது வெறும் ஆறுதல் இல்லை, மருத்துவமே அதுதான் என்பதற்கு இப்போது வலுவான சான்று இருக்கிறது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், எடை மிகக் குறைவாகப் பிறந்த 3,211 குழந்தைகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடம் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை. பிறந்தவுடனேயே குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைத்து, தாயின் கட்டிலையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே போட்டார்கள். வழக்கமான முறையில் 15.7 விழுக்காடு குழந்தைகள் முதல் 28 நாளில் இறந்தார்கள். தாயோடு வைத்த குழந்தைகளில் அது 12 விழுக்காடாகக் குறைந்தது. 2021-இல் முடிவு வெளியானது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரிந்துரைத்தது. அதே வழிகாட்டலில், குறைமாதக் குழந்தைகளின் தாய், தந்தை, பராமரிப்பவர் ஆகியோரின் தேவைக்கேற்ப விடுப்பும் உதவிகளும் வேண்டும் என்றும் சொன்னது. தந்தை என்ற சொல்லும் அங்கே இருப்பதைக் கவனியுங்கள்.

தாய் இருப்பது மருத்துவம் என்றால், மருந்துக்குப் பணம் ஒதுக்குவதுபோல அதற்கும் ஒதுக்க வேண்டும் அல்லவா? நம் அரசுகளுக்கு இது தெரியாததும் அல்ல. கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளைச் சேர்க்கும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களுக்காக 2011-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், கூட இருக்கும் தாய்க்குக் கூலி இழப்பீடு உண்டு. அங்கே இருக்கும் தாய் இழப்பது கூலி என்றால், பக்கத்து வார்டில் இருக்கும் தாய் இழப்பதும் கூலிதான். ஒன்றிய அரசின் பெண் ஊழியர்களுக்குப் பிள்ளை வளர்ப்பு விடுப்பாக 730 நாள் இருக்கிறது. முந்திரி உடைப்பவருக்கும் வெங்காயம் அறுப்பவருக்கும் தனியார் பள்ளி ஆசிரியைக்கும் ஒரு நாள்கூட இல்லை.

2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அந்தக் கணக்கில் எங்கள் இரவுகள் எந்தப் பத்தியில் வரும் என்று தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. பெண்ணின் கூலியில்லா உழைப்பை அரசே பெயர் சொல்லி ஒத்துக்கொண்ட சொல் அது. அந்தச் சொல் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடக் கூடாது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் எங்களுக்குப் பயணம் இலவசம். ஊரிலிருந்து பெரம்பலூர் வரை அப்படிப் போய்விடுகிறோம். அங்கிருந்து திருச்சிக்குப் போகும் பஸ்ஸில், பிள்ளை ஐசியூவில் இருந்தாலும், டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. 2022 ஜனவரி 12-ஆம் தேதி திறந்தார்கள். ஆண்டுக்கு 150 மாணவர்கள். அதன் கலையரங்கத்துக்குக் குழுமூர் அனிதாவின் பெயர். டாக்டராக விரும்பி, நீட்டால் அந்த வாய்ப்பு பறிபோய், 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி உயிரைவிட்ட எங்கள் பக்கத்துப் பெண். அவள் பெயர் தாங்கிய இடத்தில் படித்து வெளியே வரும் பிள்ளைகள், ஒரு வார்டைப் பார்க்கும்போது கட்டிலின்மேல் இருப்பவரோடு கட்டிலுக்கு அடியில் இருப்பவரையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பெரம்பலூரில் இன்னும் அரசுக் கல்லூரி இல்லை. ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்தால் தாயின் சுமையில் பாதி குறையும். பகலில் தகப்பன் வந்து உட்கார்ந்தால், அம்மாயி இரவுக்கு மாறினால், தாய் வீட்டுக்குப் போய்க் குளித்து, இன்னொரு பிள்ளையைப் பார்த்துவிட்டு வர முடியும். தூரம் பெண்களின் உடம்பில்தான் கடைசியாக இறங்குகிறது.

நாங்கள் கேட்பது பெரிய மாளிகைகள் அல்ல. கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்க ஒரு பெஞ்சு. நோயாளிக்கு வரும் சாப்பாட்டு வண்டியில் கூட இருப்பவருக்கும் ஒரு தட்டு. தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை, குளிக்க ஒரு அறை, நாப்கின், பால் பீய்ச்சிப் பத்திரப்படுத்த ஒரு மூலை. கூட இருப்பவருக்கு உடம்பு முடியாவிட்டால் அங்கேயே பார்க்க ஒரு டாக்டர். ஆண்களும் முறைபோட்டு இருக்கத் தக்கதாகத் தடுப்பு வைத்த இடம். ஐசியூவுக்குள் பகலில் ஒரு நாற்காலி. இழந்த நாளுக்குக் கூலி. வேலை போகாது என்ற உத்தரவாதம். இவற்றோடு, செவிலியர் வேலைக்குப் போதுமான செவிலியர்கள், உரிய சம்பளத்தில். தாய் பிள்ளைக்குத் தாயாக இருக்கட்டும், வார்டுக்கு ஆளாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். எழுந்துபோகும் உரிமை. ஒரு மணி நேரம் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு, வெயிலில் நின்றுவிட்டு, யாருடைய திட்டும் குற்றவுணர்வும் இல்லாமல் திரும்பிவரும் உரிமை. பதினெட்டாம் நாள் நான் அப்படிப் போனேன். பன்னிரண்டாம் பெட் அக்காதான், “உன் மூஞ்சியப் பாரு, போய்ட்டு வா” என்று துரத்தினார். தெருமுனைக் கடையில் நின்று டீ குடித்தேன். திரும்பி வந்தபோது மகள் எழுந்து உட்கார்ந்து, அந்த அக்காவின் மகனோடு சேர்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அன்று மாலை அக்காவின் போனில் என் நம்பரைப் பதிந்தேன். அப்போதுதான் அவர் பெயரைக் கேட்டேன், அவரும் என் பெயரைக் கேட்டார். பதின்மூன்று நாள் பக்கத்து பக்கத்தில் படுத்திருந்திருக்கிறோம். அவர் மகனுக்குப் பிறகு இரண்டு வருடம் வைத்தியம் நடந்தது. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அவர் கூட இருந்தார். முந்திரி உடைக்கும் வேலை முதல் மூன்று மாதத்திலேயே போய்விட்டது. அவன் இப்போது நன்றாக இருக்கிறான். அவருக்கு இடுப்புவலி தீரவில்லை, தரையில் படுத்த வலி.